பூட்டியிருந்ததாக நான் பதிந்த வீடு

திங்கட்கிழமையிலிருந்து பெஹாலா பகுதி உங்கள் மூவர் கையில். நான் சால்ட் லேக்கில் உள்ள புகார்ப் பிரிவுக்குப் போகிறேன். ஏழு வருடம் மாடிப்படிக்கு அடியிலும் சந்துகளிலும் நின்றே பழகியவளுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்ய வருமா என்று தெரியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த முறை சேர்ந்தவர்களில் தமிழ் பேசும் வீட்டிலிருந்து நீங்கள் மூன்று பேர் வந்திருக்கிறீர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஷம்பாவால் இதை வாசிக்க முடியாது என்பதும் ஒரு காரணம். அவளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீட்டரை எப்படிக் கழற்றுவது, எப்படிப் பொருத்துவது, முத்திரை எங்கே வைப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். ஒருவர் வாசலில் நின்று வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் என்னைப் பற்றி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா கார்டன் ரீச் பக்கம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா இட்லி மாவு அரைத்து விற்றாள், இன்றும் விற்கிறாள். இருவருக்கும் எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. ஏழு வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் காகிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும். ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, தம்பியின் பள்ளி விண்ணப்பம் எல்லாவற்றையும் நானே வாசித்து, நானே நிரப்பி, அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி நானே ரேகை வைப்பேன். பிறகு டிப்ளமோ, வேலை, என் பெயர் தைத்த சட்டை. அந்தச் சட்டையை முதல் நாள் துவைத்து மாடியில் காயப்போட்டபோது, பெயர் தெருப்பக்கம் தெரியும்படி திருப்பிப் போட்டேன். அதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. என் தவறு அந்தப் பெருமையில் இல்லை, ஆனால் அதற்குப் பக்கத்து வீட்டில்தான் இருந்தது.

அப்போது நாங்கள் ஒரு ஒப்பந்த நிறுவனத்துக்காகப் பழைய மீட்டர்களைக் கழற்றி ஸ்மார்ட் மீட்டர் பொருத்திக்கொண்டிருந்தோம். முன்பணம் கட்டி ஓட்டும் வகை. பணம் தீர்ந்தால் ஆள் வராமலேயே மின்சாரம் நின்றுவிடும், கட்டினால் தானாகவே வரும். எங்கள் டேப்லெட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று பொத்தான்கள் இருந்தன. ‘மாற்றியாயிற்று’, ‘வீடு பூட்டு’, ‘முகவரி கிடைக்கவில்லை’. வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் அழுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. நான் வந்த முதல் வாரமே இதைக் கேட்டேன். ‘பூட்டு’ என்று போட்டுவிடு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“மனசு பூட்டியிருக்குல்ல, அதுவும் பூட்டுதான்” என்றாள் ஷம்பா. அன்று நானும் சிரித்தேன். (இங்கே எல்லோரும் பேசியது வங்காளம்தான். என் காதுக்குள் எப்படித் தமிழாகிறதோ அப்படியே எழுதுகிறேன்.)

ஜோத்ஸ்னா பௌதியின் (பௌதி என்றால் அண்ணி) வீடு டிராம் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பழைய மூன்று தள வீடு. கீழ் இரண்டு தளங்களிலும் அவருடைய கணவரின் அண்ணன் குடும்பம். மேல்தளத்தில் ஒரே ஒரு அறை பௌதிக்கு. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்த அறையில் மோட்டார் வைத்த தையல் மெஷினில் புடவைகளுக்கு ஃபால் தைத்துப் பிழைத்தார். படிக்கட்டுக்கு அடியில் ஒரு மரப்பலகையில் இரண்டு மீட்டர்கள். ஒன்று அண்ணன் பெயரில், மற்றது பௌதி பெயரில்.

முதல் முறை நானும் ஷம்பாவும் போனோம். அண்ணன் வீட்டு மீட்டரை எந்தச் சிக்கலும் இல்லாமல் மாற்றினோம். பௌதி மேலேயிருந்து இறங்கி வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, “எனக்கு இதுவே இருக்கட்டும், தீதி” என்றார். கோபமில்லை, சத்தமில்லை. விளக்கச் சொல்லவும் இல்லை. நான் ‘வீடு பூட்டு’ என்பதை அழுத்தினேன். அழுத்தும்போது அவர் இரண்டு படி மேலே நின்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது என் தைரியம்.

இரண்டாம் முறை ஷம்பா வேறொருவருடன் போனாள். அதே பதில். அவளும் பூட்டு என்றே போட்டாள்.

மூன்று பூட்டு விழுந்தால் அந்த வீடு மேற்பார்வையாளரின் பட்டியலுக்குப் போகும். ஏன் முடியவில்லை என்று குழுவையே நிறுத்திவைத்துக் கேட்பார்கள். அதனால் மூன்றாம் முறை நானே தனியாகப் போனேன். நான் விளக்கினால் கேட்பார்கள் என்று நம்பினேன். என் அம்மாவுக்கு எத்தனை விஷயம் விளக்கியிருக்கிறேன்.

அன்று அண்ணன்தான் கதவைத் திறந்தார். வெள்ளைக் குர்தா, சுத்தமான பேச்சு. வா மா, உட்கார் மா என்று உபசரித்துத் தேநீர் கொடுக்கச் சொன்னார். பௌதியைக் கீழே கூப்பிட்டார். அவர் வந்து படியில் நின்றார். அண்ணன் அதே படிக்கட்டின் அடியில் நின்றார். நான் நடுவில் நின்று அரை மணி நேரம் பேசினேன். கணக்கெடுக்க ஆள் வர வேண்டாம், எவ்வளவு செலவாகிறது என்று தினமும் பார்க்கலாம், தவறான ரசீது வராது என்று எல்லாம் சொன்னேன். நல்ல விளக்கம் அது. இன்று கேட்டாலும் அதில் ஒரு பொய்யும் இல்லை. பௌதி கேட்டுக்கொண்டேயிருந்தார். இடையிடையே என் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தார். என் பேச்சின் சுவையில் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“என்கிட்ட போன் இல்லை.”

ஸ்மார்ட் மீட்டருக்கு ஒரு கைபேசி எண் கட்டாயம். மீதிப் பணம் எவ்வளவு என்ற செய்தியும், சம்மதத்துக்கான ஓ.டி.பி.யும் அதில்தான் வரும். எண் இல்லாமல் திரை அடுத்த பக்கத்துக்கு நகராது. நான் தவித்துப்போனேன்.

“அதுக்கென்ன மா, என் நம்பரைப் போடு. ஒரே வீடுதானே” என்றார் அண்ணன்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவர் எண்ணைப் பதிந்தேன். அவர் கைபேசியில் ஓ.டி.பி. வந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். திரையில் ‘நுகர்வோர் சம்மதம் தந்தார்’ என்று பச்சையில் வந்தது. சரிதானே பௌதி என்று கேட்டேன். அவர் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். ஏறும் சத்தம் நிற்பதற்குள் நான் பழைய மீட்டரின் திருகைத் தளர்த்த ஆரம்பித்திருந்தேன்.

படிக்காதவர்கள் முதலில் இப்படித்தான் முரண்டு பிடிப்பார்கள், பழகினால் நம்மை வாழ்த்துவார்கள் என்று ஷம்பாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. அதைச் சொன்ன வாயை இப்போது கழுவ முடியாது.

துர்கா பூஜைக்கு மூன்று வாரம் இருந்தபோது, நாங்கள் வேறொரு சந்தில் வேலையாக இருந்தோம். பெண்ணொருவர் வந்து என் முன்னால் நின்றார், பௌதிதான். கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“நீதானே அந்தப் பொண்ணு?”

தீதி, அதாவது அக்கா, என்ற மரியாதை போய்விட்டிருந்தது. முந்தாநாள் காலையிலிருந்து அறையில் மின்சாரம் இல்லை என்றார். மீட்டரில் பணம் தீர்ந்திருக்கிறது. தீரப்போகிறது என்ற செய்திகள் அண்ணனின் கைபேசிக்கு வந்திருக்கின்றன, அவர் சொல்லவில்லை. கேட்டதற்குப் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்றாராம். பூஜைக்கு வந்த புடவைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. மெஷின் ஓடவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் தைக்காமலே திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள். இவ்வளவு சிரமம் எதற்கு, பிறந்த வீட்டுக்கே போய் நிம்மதியாக இருக்கலாமே என்று அண்ணன் அன்பாகச் சொல்லியிருக்கிறார். அந்த அறை காலியானால் யாருக்கு வசதி என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அங்கேயே என் கைபேசியை எடுத்து, அவருடைய இணைப்பு எண்ணைத் தேடி, என் கணக்கிலிருந்தே பணம் கட்டினேன். அவருடன் வேகவேகமாக நடந்து வீட்டுக்குப் போனேன். நாங்கள் மேல்படி ஏறும்போது அறையில் விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

அவர் விசிறியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் கையில் இருந்த கைபேசியைப் பார்த்தார்.

“அப்போ இனிமே உன் போன்ல இருக்கா என் விளக்கு?”

எண்ணை மாற்றிவிடுகிறேன் என்று அவசரமாக டேப்லெட்டைத் திறந்தேன். எண்ணை மாற்ற வேண்டுமென்றால், முன்பு பதிந்த எண்ணுக்கு ஓ.டி.பி. போகும். கீழே கைபேசி மணி அடிப்பது எனக்கு மேலே கேட்டது. யாரும் எதையும் வாசித்துச் சொல்லவில்லை.

அப்போதுதான் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பார்த்தேன். ஒரு பட்டன் போன் சார்ஜில் கிடந்தது. புதிதல்ல, விளிம்பெல்லாம் தேய்ந்த பழைய போன்.

“அன்னைக்கு போன் இல்லைன்னு சொன்னீங்களே, பௌதி?”

“இல்லைன்னு சொன்னா நீ போயிடுவேன்னு நினைச்சேன்.”

“வேண்டாம்னு என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?”

“அவர் படியில நின்னுட்டிருந்தார். நீ மீட்டரை மாட்டிட்டுப் போயிடுவ. நான்தான் தினமும் அந்தப் படியில இறங்கணும்.” மெஷின் மேல் கிடந்த புடவையை இழுத்து விரித்தார். “அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை நேராத்தான் சொன்னேன். அதை எங்க எழுதி வச்சிருக்கே?”

அவர் பேச்சு எங்கள் பதிவில் இல்லவே இல்லை. அந்த இரண்டு நாளும் அவர் வீட்டில்கூட இல்லை, எங்கள் பதிவின்படி.

மறுநாளே பௌதி மின்விநியோக அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். யாரோ எழுதித் தந்திருக்கிறார்கள். எண்ணை மாற்றுங்கள் என்று அதில் இல்லை. ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம், என் பழைய மாதிரி மீட்டரையே திரும்பப் பொருத்துங்கள் என்று இருந்தது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். என்னையும் வரச் சொன்னார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் எங்கள் மேற்பார்வையாளர் என்னைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனார். கெட்டவர் இல்லை. வெயில் நாளில் எங்களுக்குத் தன் செலவில் மோர் வாங்கித் தருபவர். அவர் சொன்னது நியாயம்போலவே இருந்தது. கைபேசி எண்ணை எழுத்தில் வாங்கி மாற்றிக் கொடுத்துவிடலாம், அந்தப் பெண்ணின் கஷ்டம் தீர்ந்துவிடும். மீட்டரைத் திருப்பிப் பொருத்தினால் நாளைக்கு இந்தத் தெருவே வரும். அதனால் நீ புதிதாக எதையும் சொல்ல வேண்டாம், பதிவில் இருப்பதை மட்டும் சொல். இரண்டு முறை பூட்டு, மூன்றாம் முறை சம்மதம். பூட்டு பொய் என்று தெரிந்தால் நம் குழுவில் உள்ள பதினேழு பேரின் எல்லாப் பூட்டையும் தோண்டுவார்கள் என்றார்.

ஷம்பா அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. இரண்டாவது பூட்டு அவள் பெயரில் பதிந்தது.

“நீ படிச்சவள்னு காட்டிக்கறதுக்கு என் வேலைதான் கிடைச்சுதா, ஷெல்பி?”

என் பெயர் செல்வி. இந்த ஊர் வாயில் அது ஷெல்பி. அவள் அதைச் சொல்லும்போது எப்போதும் கொஞ்சுவதுபோல இருக்கும். அன்று அப்படி இல்லை.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்ன கேட்கிறேன் என்று தெரியாமலே அவளிடம் கேட்டேன்.

“எம்மா, ஃபாரம் எல்லாம் நிரப்புவேனே, அப்ப உன்ன கேட்டிருக்கேனா?”

“என்னாத்தக் கேக்கணும்?”

“உனக்கு வேணுமா வேணாமான்னு.”

அம்மா கையை நிறுத்தாமல் யோசித்தாள். “கேட்டதில்ல. நானா எதுக்கு இதுன்னு கேட்டா உன் மூஞ்சி சுண்டிப்போயிரும். இதுகூடத் தெரியலயான்னு ஒரு பார்வ பாப்ப. அந்தப் பார்வைக்கு ரேகைய வச்சிட்டுப் போயிரலாம்.”

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “படிச்ச புள்ள, தப்பாவா போட்டிருப்ப” என்று சிரித்தாள். அவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்.

விசாரணை ஒரு சிறிய அறையில் நடந்தது. அதிகாரி ஒருவர், கணினியோடு ஒரு எழுத்தர், எங்கள் மேற்பார்வையாளர், நான். பௌதி ஒரு ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். அழைக்காமலே அண்ணனும் வந்திருந்தார். அதிகாரிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, என் தம்பி மனைவிக்கு எழுத்து தெரியாது, வெளியுலகம் தெரியாது, அந்த வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன், யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்று பணிவாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு கூசியது. அவர் வாயிலிருந்து வந்தது கிட்டத்தட்ட நான் ஷம்பாவிடம் சொன்னதுதான்.

அதிகாரி பொறுமையானவர். எண்ணை மாற்றித் தந்தால் போதுமா என்று பௌதியிடம் கேட்டார். போதாது, பழைய மாதிரிதான் வேண்டும் என்றார் பௌதி. புதியது நன்றாகத்தானே ஓடுகிறது, என்ன குறை என்று அதிகாரி கேட்டார்.

“வேண்டாம்னு சொன்னா, காரணத்தையும் சேர்த்துக் கொண்டு வரணுமா பாபு?”

எழுத்தர் தட்டச்சுவதை நிறுத்தினார். அதிகாரி கோப்பைப் புரட்டினார். நீங்கள் முன்பே மறுத்ததாகச் சொல்கிறீர்கள், ஆனால் இரண்டு முறையும் வீடு பூட்டியிருந்ததாகப் பதிவு இருக்கிறதே என்றார். பௌதி என்னைத்தான் பார்த்தார். கெஞ்சும் பார்வை இல்லை. அன்று படியில் நின்று என் விரலைப் பார்த்தாரே, அதேபோலத்தான்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, இந்த இரண்டு நாளும் வீடு பூட்டியிருந்ததா என்று கேட்டார்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கவனியுங்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எண் மாறிவிடும், மின்சாரம் நிற்காது, யாருக்கும் வேலை போகாது. எல்லோரும் அரை அரையாக நல்லபடியாக வீட்டுக்குப் போகலாம். பதிவில் இருப்பதை வாசித்தால் அது பொய்கூட ஆகாது, வாசிப்பு மட்டும்தான். எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் சம்பளம் என்று வருவது என்னிடமிருந்து மட்டும்தான். அதை எல்லாம் நினைத்தேன். பெரிய உறுதியெல்லாம் எனக்குள் எழவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

“முதல் தடவை திறந்திருந்தது, சார். அவங்க இறங்கி வந்தாங்க. வேண்டாம்னு சொன்னாங்க. நான் பூட்டுன்னு போட்டேன்.”

ஏன் என்று கேட்டார். வேண்டாம் என்று போட இடமில்லை என்றேன். மூன்றாம் முறை வந்த ஓ.டி.பி.யும் அவர் எண்ணுக்கு வந்ததல்ல, வாசித்தவர் இவர் என்று அண்ணனைக் காட்டினேன். யாருடைய எண் என்று தெரிந்தே பதிந்தேன் என்றும் சொன்னேன்.

இரண்டாவது பூட்டு பற்றிக் கேட்டார். அன்று நான் அங்கே இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும் என்பதும் உண்மை. ஷம்பாவுக்காக நான் வாயை மூடிக்கொண்டது நட்பா, பாதி நேர்மையா என்று பலமுறை யோசித்துவிட்டேன். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. உங்களுக்கும் முடிவு சொல்லப்போவதில்லை. இரண்டு நாள் கழித்து அதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவள் தானாகவே ஒத்துக்கொண்டாள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகும் என்னுடன் ஒரு மாதத்துக்கு மேல் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது, உன்னால் என் கால் தேய்ந்தது என்றுதான் ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதில் அர்த்தம் உண்டு. பூட்டு என்று பதிந்த வீடுகளுக்கெல்லாம் குழு மறுபடி நடக்க வேண்டியிருந்தது. யார் வேண்டாம் என்றார்கள் என்று முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். பிறகு திரையிலேயே ஒரு பொத்தான் வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. மூன்று மாதம் வெளிவேலை இல்லை, கிடங்கில் பெட்டி எண்ணும் வேலை. பிற்பாடு வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் கட்டாயமில்லை என்று அரசு தரப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இன்று உங்கள் வேலையே, எது வேண்டும் என்று கேட்டு, கேட்டதைப் பொருத்துவதுதான். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். உங்கள் திரையில் நான்காவதாக இருக்கும் ‘மறுத்தார்’ என்ற பொத்தானை அழுத்தினால் அன்றைய எண்ணிக்கை குறையும். குறையட்டும். அதோடு, ஒருவர் போன் இல்லை என்றாலும், மகன் வரட்டும் என்றாலும், பூஜை முடியட்டும் என்றாலும், சற்று நின்று யோசியுங்கள். யார் எங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

பௌதியின் கோரிக்கையை அதிகாரி ஏற்றுக்கொண்டார். கிடங்கு வேலைக்குப் போகும் முன் கடைசி வெளிவேலையாக, பழைய மாதிரி மீட்டரைத் திருப்பிப் பொருத்தும் குழுவோடு என்னையே அனுப்பினார்கள். இணைப்புதாரரின் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு.

இந்த முறை திரை இல்லை, காகிதம். வங்காள எழுத்தில் முத்துமுத்தாக நிரப்பி எடுத்துப்போனேன். என் கையெழுத்தைப் பள்ளியில் பலகையில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். கீழ்த்தளக் கதவு சாத்தியிருந்தது. பௌதி இறங்கி வந்து காகிதத்தை வாங்கினார். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

இரு, வருகிறேன் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு சந்தைக் கடந்து எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் கடைக்காரரிடம் காகிதத்தைக் கொடுத்து, முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொன்னார். கடைக்காரர் மாத்திரை கேட்டு நின்ற ஒருவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். நான் எழுதிய எழுத்தை, எனக்கு முன்னாலேயே, இன்னொருவர் வாசித்துச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் தலையில் இறங்கியது. பின்னால் குழு காத்திருந்தது. அவர்களுக்கு இன்னும் நான்கு வீடுகள் பாக்கி. நான்காவது வரியில் பௌதி கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடி படிங்க என்றார். கடைக்காரர் மறுபடி படித்தார். பௌதி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

எனக்குத் தாங்கவில்லை. கடைப் படியில் நின்றபடியே, “அதுல ஒண்ணும் இல்ல பௌதி, நான் சொல்றேனே” என்றேன்.

“நீ இரு” என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

நின்றேன். மருந்துக் கடைக்காரர் ஐந்தாவது வரிக்கு விரலை நகர்த்தினார். காகிதத்தில் மொத்தம் பதினொரு வரிகள்.